ஆரோக்கியமானவர், எண் ஏழு

கட்டுரை மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. காலை எட்டேகால் மணிக்கு, கைப்பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்பே, அவள் அதைக் கணினித் திரையில் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுக் கைப்பையோடே நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வந்திருக்கலாம், அழுகையாவது வந்திருக்கலாம். வந்தது ஒரு கொட்டாவி. நாற்பத்தேழு வயதில், பதினெட்டு வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு, அவமானப்படுவதற்குக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய்களைத்தான் அவள் ஆராய்கிறாள். கிருமியோடு மல்லுக்கட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் போட்டு அடிக்கும் நோய்கள். கேட்பவர்களுக்கு இப்படித்தான் விளக்குவாள். "ஏன் அப்படி அடிக்குது?" என்று அடுத்த கேள்வி வரும். "அது தெரிஞ்சா நான் ஏன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கேன்?" என்பாள். உறவுக்காரர்களைப் பொறுத்தவரை அவள் டாக்டர்தான், ஆனால் மருந்துச் சீட்டு எழுதத் தெரியாத டாக்டர். இருமலுக்கு என்ன குடிக்கலாம் என்று கேட்டுப் பதில் வராமல், "இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டுப் போன பெரியப்பா ஒருவர் உண்டு. கொஞ்ச நாளாக அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாக அவளுக்கே படுகிறது.

கட்டுரையைப் படித்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் இரண்டு பேர், பெயர் தெரியாது. முதலாமவர் நல்ல மனுஷர், நாலு எழுத்துப்பிழையைச் சுட்டிவிட்டு வாழ்த்துச் சொல்லியிருந்தார். இரண்டாமவர்தான் வில்லங்கம். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் இரண்டாவதாக வாய்ப்பவர் மட்டும் எப்படியோ இப்படியே அமைந்துவிடுகிறார். அவர் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி: "ஆரோக்கியமானவர்களில் ஏழாம் எண்ணை ஆறு ஆண்டுகளிலும் நீக்கியிருக்கிறீர்கள். மூலைக் குழி காய்ந்துபோனது என்று காரணம் காட்டியிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகளும் அதே குழியா காய்ந்தது?"

"ஆமாய்யா, அதே குழிதான்," என்றாள் திரையைப் பார்த்து. ஆனால் உறுத்தியது.

சங்கதி இதுதான். சோதனை நடப்பது ஒரு பிளாஸ்டிக் தட்டில். உள்ளங்கை அகலம், அதில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரை விடுவார்கள். சொந்த உடம்பைத் தாக்கும் புரதம் அதில் இருந்தால் கடைசியில் குழி மஞ்சளாகும். எவ்வளவு புரதமோ அவ்வளவு மஞ்சள். நோயாளிகளின் குழி மஞ்சளாக வேண்டும், ஆரோக்கியமானவர்களின் குழி வெளுத்திருக்க வேண்டும். இதில் ஒரு தொல்லை, ஓரத்திலும் மூலையிலும் இருக்கும் குழிகள் சீக்கிரம் காய்ந்து பொய் மஞ்சள் காட்டும். இந்தத் தொழிலில் முதல் மாதமே எல்லாரும் சூடுபட்டுக் கற்றுக்கொள்ளும் விஷயம். அவர்கள் போட்ட வரிசைப்படி ஏழாம் எண்ணுக்கு வாய்த்தது மூலைக் குழி. முதல் வருஷம் அது மஞ்சளாக வந்தது, மூலைதானே என்று அடித்துவிட்டாள். இரண்டாம் வருஷமும் அதே வரிசை, அதே மூலை, அதே மஞ்சள். மூன்றாம் வருஷத்திலிருந்து அவள் பார்க்கக்கூட இல்லை. 'ஏழு, மூலை, நீக்கு' என்று கணினியிலேயே எழுதிவைத்துவிட்டாள். அது சொன்ன பேச்சைக் கேட்டு வருஷா வருஷம் நீக்கிக்கொண்டிருந்தது.

வரிசையை மாற்றிப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்பது சுலபம். உறைபெட்டி பழுது, மின்வெட்டு, அறிக்கை, கூட்டம், அந்தக் கூட்டத்தைப் பற்றி இன்னொரு அறிக்கை என்று தலைக்கு மேல் வேலை ஓடும்போது, பழகின வரிசையில் கை தானாகப் போகும். களைத்துப்போன ஆள் செய்கிற தப்புகளிலேயே பெரிய தப்பு, போன வருஷம் செய்ததை இந்த வருஷமும் செய்வதுதான்.

ஆரோக்கியமானவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோயாளிகளின் ரத்தம் பக்கத்துக் கட்டிடத்து மருத்துவமனையிலிருந்து வந்துவிடும். கிடைக்காதது நன்றாக இருக்கிறவர்களின் ரத்தம்தான். ஒன்றும் இல்லாதவர் எதற்காக ஊசி குத்திக்கொள்ள வருவார்? அதனால் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள், கண்ணில் பட்டவர்களையெல்லாம் கெஞ்சிக் கூத்தாடி இழுத்துவந்து உட்கார வைத்தாள். வாசல் காவலாளி, நூலகத்து அம்மா, நகலெடுப்பவர், புள்ளிவிவரக்காரர் என்று பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி அவளுடைய தங்கை.

தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அக்காவுக்கு எட்டு வயது இளையவள். அம்மாவை வைத்துக் காப்பாற்றுவது அவள்தான், இருந்தும் வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. காலையில் எழுந்திருக்க மாட்டாள், எழுந்தாலும் அரைமணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள், வேலைக்கு அடிக்கடி மட்டம். "உடம்பு வளைய மாட்டேங்குது, வேற ஒண்ணும் இல்ல," என்று அம்மா தொலைபேசியில் புகார் வாசிப்பாள். அக்காவும் அதை நம்பினாள். நம்புவதற்கு நேரம் செலவாகாது.

ஆனால் ரத்தம் கொடுக்க மட்டும் தங்கை ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை. ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே கீழே வந்து, இருவரும் சிற்றுண்டிச்சாலையில் டீ குடிப்பார்கள். வருஷத்தில் அக்காவும் தங்கையும் தனியாக உட்கார்ந்து பேசுவது அந்த அரைமணி நேரம்தான். மூன்றாவது வருஷம், ஊசிக்கு முன்னால் நிரப்ப வேண்டிய படிவத்தில் தங்கை ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"அக்கா, தொடர்ந்து களைப்பு, மூட்டுவலி இருக்கான்னு கேட்டிருக்கே. எனக்கு இருக்கே. என்ன போட?"

அந்த வருஷம் இரண்டு பேர் வராமல் போய், ஆள் குறைந்து, அக்காவுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. "களைப்பு யாருக்குடி இல்ல? எனக்கு இல்லையா? இல்லைன்னு போடு," என்றாள். தங்கை இல்லை என்று போட்டாள். அடுத்த வருஷங்களில் கேட்கவும் இல்லை.

இரண்டாமவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உறைபெட்டியைத் திறந்து, புகை மாதிரி குளிர் மூஞ்சியில் அடிக்க, ஏழாம் எண்ணின் ஆறு வருஷக் குப்பிகளையும் தேடி எடுத்தாள். உருகவிட்டு, இந்த முறை மூலையில் வைக்காமல் தட்டின் நட்டநடுவில் வரிசையாக ஆறு குழிகளில் விட்டாள். மாலை நாலு மணிக்கு நிறம் வந்தது. முதல் குழி எலுமிச்சைத் தண்ணீர் போல லேசாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் கூடுதல். மூன்றாவது இன்னும். ஆறாவது குழி, பக்கத்தில் இருந்த நோயாளியின் குழியைவிட அடர்த்தி.

மறுநாள் மறுபடியும் செய்தாள். மறுபடியும் அதே ஆறு படிகள், ஒன்றை விட ஒன்று மஞ்சளாக.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை. நோய் வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் இந்தப் புரதம் ஏற ஆரம்பித்துவிடும் என்று தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். அது படிப்படியாக ஏறுவதைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்? ஒரு நிமிஷம் அவள் களைப்பு பறந்தே போனது. அதற்கடுத்த நிமிஷம்தான், இது குழி இல்லை, ஆள் என்று உறைத்தது. நன்றாக இருக்கிறோம் என்று நம்பி எங்கோ நடமாடிக்கொண்டிருக்கும் ஆள். இந்த அளவு ஏறிய பிறகு அது அடுத்துப் போய் உட்காரும் இடம் சிறுநீரகம்.

எந்த எண் யாருடையது என்பது ஒரே ஒரு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு ரத்தம் எடுக்கும் அம்மாவின் அலமாரியில், பூட்டுப் போட்டு. வலி தெரியாமல் ரத்தம் எடுப்பார் என்பதால் அந்த அம்மாவுக்குக் காவலாளி வைத்த பெயர் கொசு மேடம், அதுவே நிலைத்துவிட்டது.

"ஏழாம் நம்பர் யாருன்னு சொல்லுங்க," என்று அவள் போய் நின்றாள்.

கொசு மேடம் கையுறையைக் கழற்றாமலே சிரித்தார். "விளையாடாதீங்க மேடம்."

"விளையாடல. சொல்லுங்க."

"சொல்லக் கூடாதுன்னு எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கினது யாரு? நீங்க. சாவியை மேசை மேல வெச்சுட்டுச் சாப்பிடப் போனேன்னு என்னைக் காய்ச்சி எடுத்தது யாரு? அதுவும் நீங்க."

"அந்த ஆளுக்குச் சிறுநீரகம் போயிடும்."

கொசு மேடத்தின் சிரிப்பு நின்றது. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "எழுத்துல கொண்டு வாங்க மேடம். கொண்டு வந்த நிமிஷமே தரேன். எனக்கும் இது தொண்டையில நிக்கப் போகுது," என்றார்.

எழுத்துக்காகத் துறைத்தலைவரிடம் போனாள். ஆராய்ச்சிக்கூடமே பெருசு என்று அழைக்கும் மனிதர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரத்தம் கொடுப்பவர்கள் கையெழுத்திடும் படிவத்தின் ஒரு பிரதியை அவள் முன்னால் வைத்தார். அதில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்: 'இந்த ஆய்வின் முடிவுகள் எனக்குத் தெரிவிக்கப்படமாட்டா என்பதை அறிவேன்.'

"இதை எழுதினது யாரும்மா?"

"நான்தான் சார்."

"நெறிமுறைக் குழுகிட்ட மனு குடு. மாசக் கடைசியில கூடுது."

"மாசக் கடைசி வரைக்கும் அது காத்திருக்குமா சார்?"

"ஆறு வருஷம் காத்திருந்திருக்கே," என்றார் பெருசு. குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அதனாலேயே நன்றாகக் குத்தியது.

ஆனாலும் மனுஷர் ஒரு வழி சொன்னார். யார் என்று பெயரைத் திறக்காமல், பன்னிரண்டு பேருக்குமே ஒரு கடிதம் அனுப்பலாம். மருத்துவமனையில் ஒரு பொதுப் பரிசோதனை, ரத்தமும் சிறுநீரும், வியாழக்கிழமை காலை, எல்லாரும் வரவும். எந்த விதியும் உடையாது. அவரே கையெழுத்துப் போட்டார். கடிதம் அன்றே போனது.

அறைக்குத் திரும்பி வந்து அவள் யோசித்தாள். யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு பேரில் பலர் இடையில் வந்தவர்கள், இடையில் விட்டவர்கள். ஆறு வருஷமும் தவறாமல் கொடுத்தவர்கள் மூன்றே பேர்: காவலாளி, நூலகத்து அம்மா, தங்கை. தங்கையை மனசு கடைசியில்தான் போட்டது. போட்ட கையோடு அவசரமாகக் காவலாளியிடம் தாவியது. பாவம், வயதானவர், வாசலில் வெயிலில் நிற்கிறார், அவராகத்தான் இருக்கும். இந்த நோய் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் நடுவயதுக்குள் என்று வருஷா வருஷம் மேடையேறிப் படம் போட்டு விளக்குகிறவள் அவள். அதெல்லாம் ஊருக்கு.

அன்று மாலையே வாசலில் நின்று காவலாளியை விசாரித்தாள். "கை கால்லாம் வலிக்குதா? களைப்பா இருக்கா?"

"எனக்கு வலியே என் சம்சாரம்தான் மேடம். அதுக்கு ஊசி இருந்தா சொல்லுங்க," என்றார் அவர். அவள் சிரித்துவைத்தாள்.

வியாழக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். காவலாளி சீருடையோடு வந்தார். நூலகத்து அம்மா காத்திருக்கும் நேரத்தில் படிக்கக் கையோடு புத்தகம் கொண்டுவந்தார். மருத்துவமனையின் மூட்டு டாக்டர் அவளோடு படித்தவர், மதியத்துக்குள் ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தார். பதினொரு பேருக்கும் ஒன்றும் இல்லை. காவலாளிக்கு ரத்தம் இருபது வயதுப் பையனுடையது மாதிரி இருக்கிறதாம். அதைக் கேட்டு அவர் மீசையைத் தடவிக்கொண்டார். கொசு மேடம் பட்டியலில் பதினொரு குறி போட்டுவிட்டுப் பன்னிரண்டாவது பெயருக்கு நேரே பேனாவை வைத்தார். எண்ணைச் சொல்லவில்லை, நோட்டைத் திறக்கவில்லை. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது.

அவள் நடைபாதைக்கு வந்து தங்கைக்குத் தொலைபேசி போட்டாள். மூன்றாவது முறை எடுத்தாள்.

"கடிதம் வந்துச்சா? ஏன்டி வரல?"

"வந்துச்சுக்கா. லீவு இல்ல. எல்லாம் தீந்து போச்சு." பின்னால் எஞ்சின் சத்தம். "போன வாரம்தானே நீ சொன்ன, சாக்குச் சொல்லாம வேலைக்குப் போற வழியைப் பாருன்னு. போய்க்கிட்டுதான் இருக்கேன். வண்டி எடுக்கணும், வெச்சிடறேன்."

போன வாரம் சொன்னாள்தான். காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, அம்மாதான் போட்டுவிட்டாள் என்று தங்கை சொன்னதற்கு, அவள் அறிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டே சொன்ன பதில் அது. பொத்தான் போட முடியாத கை என்பது அவளுடைய கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும் அறிகுறி. அதை அவளே எழுதியிருந்தாள்.

தங்கை ஓட்டும் இருபத்திரண்டாம் தடப் பேருந்து, மருத்துவமனை நிறுத்தத்துக்கு ஒன்றே முக்காலுக்கு வரும். ஆய்வகக் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் நின்றாள். வண்டி வந்தது. கதவு திறந்ததும் தங்கை ஆச்சரியப்பட்டாள். "என்னக்கா, காருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. சும்மா, உன்கூட வரலாம்னு."

"சும்மாவா? நீயா?" என்று தங்கை சிரித்தாள். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அவள் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் இருந்த தனி இருக்கையில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தது. அதனால் கடைசி நிறுத்தம் வரை நாற்பது நிமிஷம் வாயை மூடிக்கொண்டு பார்க்க மட்டும்தான் முடிந்தது. பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் இப்படி உட்கார்ந்து அவளைப் பார்த்ததே இல்லை.

தங்கை ஸ்டீயரிங்கை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்துத் திருப்பினாள். விரல் கணுக்கள் உப்பியிருந்தன. மோதிர விரலில் மோதிரம் இல்லை, கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாள், ஒவ்வொரு வேகத்தடையிலும் அது குதித்தது. உச்சியில் முடி மெலிந்திருந்தது. கண்ணாடியில் முகம் தெரிந்தது: மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் படர்ந்த சிவப்பு. வெயில் படாமல் இருக்கத் தொப்பியை இழுத்துவிட்டிருந்தாள், முன்கண்ணாடிக்கு வந்த வெயில் தொப்பிக்குக் கீழேயும் வந்தது. இந்தச் சிவப்பைக் குறைந்தது ஆயிரம் படங்களில் அவள் பார்த்திருக்கிறாள். போன மாதம் சாப்பாட்டு மேசையில் நேரிலும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "என்னடி, ரோஸ் பவுடர் எல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். எஞ்சின் நின்றது. அடுத்த நடைக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. தங்கை தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்தாள்.

"இப்படித்தான் தினமுமா?" என்று கேட்டாள் அக்கா.

"பத்து நிமிஷம் இப்படி இருந்தா அடுத்த நடைக்குத் தாங்கும். சொல்லு, என்ன விஷயம்? அம்மா ஏதாவது சொன்னாளா?"

எப்படிச் சொல்வது என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்துக்கு உதவவில்லை. "உன் ரத்தத்துல கோளாறு இருக்கு. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வந்திருக்கு. நான் படிக்கிற நோய்தான்னு நினைக்கிறேன். ஆறு வருஷமா என் பெட்டியிலேயே இருந்துச்சு. நான் பார்க்கல."

தங்கை நெற்றியை எடுத்தாள். "நீ படிக்கிற நோயா? உடம்பு தன்னையே அடிச்சுக்குமே, அதுவா?"

"ஆமா."

"அதுல களைப்பா இருக்குமா?"

"ரொம்ப இருக்கும்."

"காலையில விரல் மடங்காதா?"

"மடங்காது."

தங்கை முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் ஒருவர் வாளியால் தண்ணீர் வீசித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா பயந்துகொண்டிருந்தாள், இதோ அழப்போகிறாள், கத்தப்போகிறாள், எல்லாவற்றுக்கும் தகுதியானவள்தான் நான் என்று. தங்கை மெதுவாகத் திரும்பினாள். முகத்தில் இருந்தது நிம்மதி. அதைப் பார்க்க அக்காவுக்குத் தாங்கவில்லை.

"அப்போ நான் சோம்பேறி இல்லையாக்கா?"

தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள். பிறகு அழுதாள். அழுதது அக்காதான். தங்கை கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள், மடிப்பைப் பிரிக்க அவளுக்கு விரல் வரவில்லை, மடித்தபடியே கொடுத்தாள்.

"நான்கூட அப்படித்தான் நம்பிட்டேன்," என்றாள் தங்கை. "எல்லாரும் எழுந்துக்கறாங்க, நான் மட்டும் ஏன் எழுந்துக்க மாட்டேங்கறேன், என்கிட்டதான் ஏதோ கெட்ட குணம் இருக்குன்னு. தினமும் என்னை நானே திட்டிக்கிட்டுத்தான் எழுந்திருப்பேன்."

"வண்டியை விட்டுட்டு இறங்கு. இப்பவே போறோம்."

"இன்னும் மூணு நடை இருக்கே. மேற்பார்வையாளர் கத்துவாரு."

மேற்பார்வையாளர் கத்தவில்லை. "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தாலே தேவலை. தங்கை தலைகுனிந்தாள், பழக்கம். அக்காக்காரி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் டாக்டர். இவங்களுக்கு உடம்பு சரியில்ல. ஆறு வருஷமாவே சரியில்ல. அதோட இவங்க உங்க வண்டியை ஓட்டியிருக்காங்க. இனிமே 'மறுபடியுமா'ன்னு கேக்காதீங்க."

எந்த மாதிரி டாக்டர் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெரியப்பா பார்த்திருக்க வேண்டும்.

மூட்டு டாக்டர், புரதம் கசிந்தால் பச்சையாகும் தாள்பட்டையைத் தங்கையின் சிறுநீரில் தோய்த்தார். அது பச்சையாக மாறியது. அவர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சிறுநீரகத்துல லேசா கசிய ஆரம்பிச்சிருக்கு. மருந்து உடனே தொடங்கணும், நாளைக்கு இன்னும் சில சோதனை இருக்கு. பயப்படாதீங்க, கைமீறிப் போகல. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன்."

ஆறு மாசம். இரண்டாமவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் ஆறு மாசம் என்ன, ஆறு வருஷமும் விட்டிருப்பாள். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு என்ன எழுத வேண்டும் என்று இப்போது தெரிந்தது. குழி காயவில்லை, தப்பு என்னுடையது, அந்த ரத்தம் ஆரோக்கியமான ஒருவருடையது அல்ல. கட்டுரை நாலாவது முறையும் திரும்பி வரலாம், வரட்டும். குழுவுக்கும், முடிவைத் தங்கையிடம் சொல்லி விதியை மீறினேன் என்று அவளே எழுதிக் கொடுப்பாள். எழுத வேண்டியதை நினைக்கும்போதே கை கனத்தது. இன்றைக்கு இல்லை, நாளைக்கு.

தங்கையை மருத்துவமனையில் சேர்த்துப் படுக்கைக்கு அனுப்புமுன் ஒரு படிவம் தந்தார்கள். தங்கை பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். நான் எழுதட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். பெயர், வயது, வேலை. பிறகு அந்தக் கேள்வி வந்தது: தொடர்ந்து களைப்பு, மூட்டுவலி உண்டா? பேனா நின்றது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கேலி கொஞ்சமும் இல்லை, பழைய பழக்கத்தில் கேட்டாள்.

"என்ன போட?"

"உள்ளதைப் போடு."

உண்டு என்று போட்டாள். பக்கத்துக் கட்டத்தில், எவ்வளவு காலமாக, என்று கேட்டிருந்தது.

"ஒரு வருஷம்னு போடவா? ரொம்பப் போட்டா நம்ப மாட்டாங்க."

"ஆறு வருஷம்னு போடு."

"நிஜமாவே ஆறுதான்க்கா. ஆனா யாரு நம்புவாங்க?"

"நான்," என்றாள் அக்கா. "என்கிட்ட அத்தாட்சி இருக்கு. ஆறு குப்பி."

தங்கை எழுதினாள். கோணலாக வந்தது, ஆனாலும் அழுத்தி எழுதினாள். எழுதி முடித்துத் தாளை அக்கா பக்கம் நகர்த்தினாள். "அப்போ நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

சாட்சிக் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. கடைசியில் மூலையில் போட்டாள்.